முடிவில்லாத பந்தியின் கடைசி இலை

கணக்கில் நான் என் சித்தப்பாவைத் தோற்கடித்த கதையைக் கேட்காதவர்கள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. இன்னொரு தரம் கேட்க ஆசைப்பட்டவர்களும் கிடையாது. நான் ஆரம்பித்தாலே என் பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். இருக்கட்டும். தோற்கடித்தது தோற்கடித்ததுதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அவர் மதுரையில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் கடைசி அது. அப்பாவின் தம்பியான இந்தச் சித்தப்பா சனிக்கிழமைதோறும் ரயிலேறி போடிக்கு வந்துவிடுவார். மற்ற வீட்டுச் சித்தப்பாமார் மதுரையிலிருந்து வந்தால் பையில் அல்வா இருக்கும். எங்கள் சித்தப்பாவின் பையில் அழுக்குத் துணி இருக்கும், வாயில் ஒரு புதிர் இருக்கும். துணி அம்மாவுக்கு, புதிர் எனக்கு. அம்மாவுக்குக் கிடைத்ததே மேல் என்று பல சனிக்கிழமைகளில் நினைத்திருக்கிறேன்.

அந்த வாரம் என் தம்பிக்குக் காதுகுத்து. மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில் கிடா வெட்டி, மொட்டை போட்டு, காது குத்துவதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் முற்றத்தில் சின்ன வெங்காயம் மலைபோல் குவிந்து கிடந்தது. வீடே சுற்றி உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா ஒரு வெங்காயத்தை உரிப்பதற்குள் நான்கு வார்த்தை பேசுவார். நான்கு வார்த்தை பேசினால் உரித்த வெங்காயத்தை வாயில் போட்டுக்கொள்வார்.

"ஒரு ஓட்டல் இருக்கு. அதுல முடிவே இல்லாம ரூமு. எல்லா ரூமுலயும் ஆளு இருக்கு. புதுசா ஒருத்தரு வந்து எடம் கேக்குறாரு. என்ன செய்வ?" என்றார்.

எனக்கு முதல் அடியிலேயே இடித்தது. எங்கள் ஊரில் ஓட்டல் என்றால் தோசை தின்கிற இடம். "ஓட்டல்ல எதுக்குச் சித்தப்பா ரூமு? தின்னுபுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான?" என்றேன். அம்மா சிரித்ததில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, ஓட்டல் வேண்டாம், பந்தி என்று வைத்துக்கொள் என்று மாற்றினார். ஒரு பந்தி. முதல் இலை இருக்கிறது, கடைசி இலை என்று ஒன்று இல்லை. போய்க்கொண்டே இருக்கிறது. எல்லா இலையிலும் ஆள். இப்போது புதிதாக ஒரு விருந்தாளி வருகிறார்.

"அடுத்த பந்தியில உக்காரட்டும்."

"அடுத்த பந்தியே கெடையாது. இது முடிஞ்சாத்தான அடுத்தது?"

நான் முழித்தேன். அவர் ரொம்ப நேரம் என்னை முழிக்கவிட்டு, பிறகு விடையைச் சொன்னார். எல்லாரும் ஒரு இலை தள்ளி உட்கார வேண்டும். முதல் இலைக்காரர் இரண்டாவதற்கு, இரண்டாவது ஆள் மூன்றாவதற்கு. கடைசி ஆள் என்று யாரும் இல்லாததால் யாருக்கும் இலை போகாது. முதல் இலை காலி. விருந்தாளி உட்காரலாம்.

அடேயப்பா! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டேன். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் சிலிர்க்கவில்லை. "முடிவில்லாத பந்திக்கு எவன்டா உலை வைக்கிறது?" என்று அப்பா கேட்டார். "வெங்காயம் உரிக்கிறவளக் கேளுங்க, முடிவில்லாததுன்னா என்னன்னு அவ சொல்லுவா" என்றாள் அம்மா.

"இது நெசத்துல நடக்குமா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"நடக்காது. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் கடைசின்னு ஒண்ணு இருக்கு. இது நெனச்சுப் பாக்குறதுக்கு மட்டுந்தான்."

"ஏன், மாமா ஜீப்புல நடக்குதுல்ல? எத்தன பேர் ஏறினாலும் இன்னும் ஒரு ஆளு ஏறலாம்னு டிரைவரு சொல்லுவாருல்ல?"

"அது முடிவில்லாதது இல்ல, ஆத்தா. அது டிரைவரோட பேராச."

நான் விடவில்லை. நடக்கும் என்றேன், நடக்காது என்றார். கடைசியில் பந்தயம் கட்டினோம். நான் நடத்திக் காட்டிவிட்டால் ஊர் முன்னால் நின்று "தோத்துட்டேன்" என்று அவர் சொல்ல வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே கையடித்துக் கொடுத்தார். மாமா ஜீப்பு என்று நான் சொன்ன பிறகு அம்மா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அதை நான் கவனித்தேன். ஆனால் பந்தயத்தின் சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம். கிட்டே வந்து தூக்கினால் சட்டையெல்லாம் ஏலக்காய் மணக்கும். முழுப்பரீட்சை லீவு விட்டால் ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கூட்டிப் போவார். குளிரும் அட்டைக்கடியும் பால் ஊற்றாத கட்டஞ்சாயாவுமாக ஒரு மாதம் ஓடும். ஆனால் இரண்டு வருஷமாக மலையும் இல்லை, மாமாவும் இல்லை. அம்மா பிறந்த வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் சித்தப்பாதான். அத்தை கல்யாணத்தில் பந்தி பார்க்கிற பொறுப்பை அவரிடம் விட்டிருந்தார்கள். முதல் பந்தி நிறைந்து, இலையில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. அப்போது பார்த்து அப்பாவுக்கு வேண்டிய ஒரு பெரிய அதிகாரி வந்து நின்றார். சித்தப்பா வரிசையை ஒரு பார்வை பார்த்தார். மாமாவின் தோளைத் தொட்டார். "மச்சான், நீங்க அடுத்த பந்தியில உக்காந்துக்கங்க. நம்ம வீட்டு ஆளுதான?" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவரை அடிக்கலாம், வையலாம், நாலு நாளில் மறந்துபோகும். இலையில் உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது. அதிலும் பெண் கொடுத்த வீட்டுக்காரரை. மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார், ஜீப்பை எடுத்தார், மலையேறிவிட்டார். சித்தப்பா போய் மன்னிப்புக் கேட்கட்டும் என்று அம்மா வீட்டில் சொன்னார்கள். நல்ல மனசோடு சொன்னதுக்கு என்ன மன்னிப்பு என்று இங்கே சொன்னார்கள். அவ்வளவுதான், நின்றுபோயிற்று.

ஆனால் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியாதே. அப்பா மூன்று தரம் ஆள் விட்டார். வருவாரா மாட்டாரா என்று கடைசி வரை தெரியாது. காலையில் கோயில் முன்னால் ஜீப்புச் சத்தம் கேட்டதும் அம்மா கையில் இருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

மாமா வந்தார். சீர்த்தட்டு, தங்கக் கம்மல், எல்லாம் முறையாகக் கொண்டுவந்தார். ஆனால் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "வாங்க மச்சான்" என்று அப்பா கூப்பிட்டதற்கு ஒரு தலையசைப்பு. சித்தப்பா இருந்த பக்கமே பார்க்கவில்லை. தம்பியை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். ஆசாரி ஊசியைக் காதில் இறக்கினார். தம்பி வீல் என்று கத்தியதோடு, மாமாவின் புதுச் சரிகை வேட்டியில் ஈரமும் பண்ணிவிட்டான். சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் கூட்டம் தவித்தது. மாமா எழுந்து, வேட்டியை அலசிக்கொண்டு வர ஓடைப் பக்கம் போனார்.

அந்த நேரத்தில்தான் பந்தி போட்டார்கள்.

கோயில் சுவரை ஒட்டி ஆரம்பித்து, பந்தல் முடிகிற கம்பம் வரை ஒரே வரிசையாகப் பாய் விரித்து, நாற்பது இலை. எனக்குத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் இலைக்கட்டுக்குக் காவல் இருக்கிற சோலி என்னுடையது. மேய்கிற ஆடுகள் வந்து இலையைத் தின்றுவிடாமல், பந்தலுக்கு வெளியே புளியமரத்து நிழலில் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில், நாற்பதாவது இலையில், சித்தப்பா. மாமா கண்ணில் படாமல் இருக்க வால் பக்கமாக வந்து உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். என்னிடம் மட்டும், "என்னா, முடிவில்லாத பந்திய எப்ப நடத்தப் போற?" என்று கண்ணடித்தார்.

தலைமாட்டில், கோயில் சுவரோரம் இருக்கும் முதல் இலை தாய்மாமனுக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் ராசிங்காபுரத்திலிருந்து வந்திருந்த பெரியப்பாவின் சம்பந்தி. ஆனைக்குட்டி மாதிரி ஆள், வெள்ளை மீசை. அங்கேதான் நல்ல நிழல் என்று பார்த்து, அவர் பாட்டுக்கு முதல் இலையில் சம்மணம் போட்டுவிட்டார். பின்னாலேயே முப்பத்தொன்பது பேரும் உட்கார்ந்தாயிற்று. தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, கறிக்குழம்பு வாளியைத் தூக்கிவிட்டார்கள்.

ஓடையிலிருந்து மாமா வந்தார். ஈர வேட்டி காலில் ஒட்டியிருந்தது. வரிசையைப் பார்த்தார். முதல் இலையில் வேறு ஆள். அடுத்த இலை, அதற்கடுத்த இலை, எங்கும் இடமில்லை.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தியை எழுப்பினால் பெரியப்பா மகள் ராசிங்காபுரத்தில் வாழ முடியாது. மாமாவைக் கால்மாட்டில் உட்காரச் சொன்னால் அம்மாவுக்குப் பிறந்த வீடு கிடையாது. முதல் இலைக்கு முன்னால் ஒரு இலை போடலாம் என்றால் அங்கே சாமி சுவர். மாமா மெதுவாகத் துண்டை எடுத்து உதறினார். அந்த உதறல் எங்களுக்குத் தெரிந்த உதறல். "ஏய், ஜீப்ப எடுறா" என்று டிரைவரிடம் சொன்னார். பாத்திரங்களுக்கு நடுவில் நின்றிருந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இனி மலை கிடையாது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பந்தயமும் ஞாபகம் வந்தது. இலைக்கட்டின் மேல் ஏறி நின்று, இருந்த மட்டும் குரலெடுத்துக் கத்தினேன்.

"எல்லாரும் ஒரு எல தள்ளி உக்காருங்க! யாரும் எந்திரிக்க வேணாம், தள்ளி மட்டும் உக்காருங்க! மொதல் எல மாமாவுக்கு!"

பந்தியில் "தள்ளி உக்காருங்க" என்ற குரல் கேட்டால் நம் ஆட்கள் யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று பார்ப்பதில்லை. உடம்பு தானாகத் தள்ளும். ராசிங்காபுரத்துச் சம்பந்திக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "ஆத்தீ, இது தாய்மாமன் எலயா! சொல்லக் கூடாது?" என்று சொல்லிக்கொண்டே இடுப்பைத் தூக்கி அடுத்த இலைக்குப் போட்டார். அங்கே இருந்த ஆள் இன்னும் நகரவில்லை. அவர் மடியில் இவர் உட்கார்ந்துவிட்டார்.

சித்தப்பா சொன்ன கதையில் எல்லாரும் ஒரே நொடியில் நகர்ந்துவிடுவார்கள். எங்கள் பந்தியில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். காது மந்தமான ஒருவர் எதிர்ப்பக்கமாக நகர்ந்தார். நடுவில் ஒருவர் இலையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நகர, "யோவ், ஆளு மட்டும் போகணும்யா, எல அங்கேயே இருக்கட்டும்" என்று பக்கத்து ஆள் இலையைப் பிடித்து இழுத்தார். "என் உப்புய்யா அது" என்று ஒரு சத்தம். "உப்புல என்னய்யா ஓ உப்பு, ஏ உப்பு" என்று இன்னொரு சத்தம். யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அதன் பிறகு நகர்ந்ததெல்லாம் சிரித்துக்கொண்டே நகர்ந்ததுதான். ஜீப்பைப் பார்த்துத் திரும்பிய மாமாவும் நின்று பார்த்தார்.

சிரிப்பும் நகர்வும் இருபதாவது இலையைத் தாண்டி, முப்பதைத் தாண்டி என்னை நோக்கி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாற்பதாவது ஆள் எங்கே போவார்? கதையில் கடைசி ஆள் கிடையாது. இங்கே இருக்கிறார். என்னோடு பந்தயம் கட்டியவர்தான் அந்தக் கடைசி ஆள்.

முப்பத்தொன்பதாவது ஆள் சித்தப்பாவின் தொடையை இடித்துவிட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு என் காலடியைப் பார்த்தார். இலைக்கட்டு சரிந்து நான் விழுந்துவிடுவேனோ என்று பயப்படுகிறார் போல என்று நினைத்து, காலை நன்றாக ஊன்றிக்கொண்டேன். அவர் தலைமாட்டில் நிற்கும் மாமாவையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுந்தார்.

இலையில் உட்கார்ந்தவர், நாற்பது பேர் பார்க்க, இலையை விட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். குழம்பு வாளியைப் பரிமாறுகிறவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வரிசை முழுக்க நடந்து, முதல் இலைக்கு வந்து நின்றார்.

"உக்காருங்க மச்சான்."

மாமா இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார். "ஒனக்கு எல?" என்று கேட்டார்.

"நா அடுத்த பந்தியில உக்காந்துக்கிறேன் மச்சான். நம்ம வீட்டு ஆளுதான?"

மாமாவுக்கு மீசை துடித்தது. கோபமாக்கும் என்று நான் பயந்துபோனேன். பார்த்தால் அது சிரிப்பு. அடக்க முடியாமல் வாய்விட்டே சிரித்துவிட்டார். சம்பந்தியும் எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து குலுங்கினார். மாமா ஈர வேட்டியோடு முதல் இலையில் உட்கார்ந்து, "ஊத்துங்க மாப்ளே. எலும்பாப் போடாம கறியாப் பாத்துப் போடுங்க" என்றார். அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

பந்தி முடிந்து தாம்பூலம் கொடுக்கும்போது நான் சித்தப்பாவின் துண்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். பந்தயம் பந்தயம்தானே. அவர் அத்தனை பேர் முன்னாலும் கையை உயர்த்தி, "ஏ மகட்ட தோத்துட்டேன்!" என்று கத்தினார். எதில் தோற்றார் என்று கேட்டவர்களுக்கு, "அது பெரிய கணக்கு, ஒங்களுக்குப் புரியாது" என்று நானே பதில் சொன்னேன். அவர் அப்போதுதான் மூன்றாவது பந்தியில், பெண்களுக்குப் பின்னால், வெறுங்குழம்பும் அடிச்சோறுமாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

அன்றைக்கே மாமா ஜீப்பில் அம்மாவையும் தம்பியையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். உள்ளே ஏற்கெனவே பதினைந்து பேர். "இன்னும் ஒரு ஆளு வரலாம்ணே" என்று டிரைவர் கத்தினான். ஆளோடு ஆள் நசுங்கி வளைவு வளைவாக மலையேறினோம். பாதி மலையில் குளிர்காற்று முகத்தில் அடித்தபோது அம்மா காரணமே இல்லாமல் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தைக் கடித்தாள். முடிவில்லாத பந்தி நெசத்திலும் நடக்கும் என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

அந்தத் திமிரிலேயே கணக்குப் படித்து, நானும் கணக்கு டீச்சரானேன். எண்களுக்கு முடிவில்லை என்ற பாடம் வரும்போதெல்லாம் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுவேன். வீட்டுப் பிள்ளைகள் மாதிரி அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட முடியாதல்லவா. சித்தப்பா தோற்ற இடம் வந்ததும் வகுப்பே கைதட்டும். நானும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நின்று வாங்கிக்கொள்வேன்.

ஒரு வருஷம், கைதட்டல் அடங்கியதும், மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். வாயைத் திறக்காத பிள்ளை. பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அவள் குரலையே நான் கேட்டதில்லை.

"டீச்சர், அந்தச் சித்தப்பா ஏன் எந்திரிச்சாரு?"

"எல இல்ல, அதான். வரிசை முடிஞ்சுபோச்சுல்ல?"

"பந்தலுக்கு வெளிய புளியமரத்து நெழலு இருந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"எலக்கட்டு மேலதான டீச்சர் நீங்க நின்னீங்க? அதுல ஒண்ண உருவிப் போட்டு, அங்கனயே தள்ளி உக்காந்திருக்கலாம்ல?"

வகுப்பு என்னைப் பார்த்தது. நான் கரும்பலகையைப் பார்த்தேன். நாற்பதாவது இலைக்கு அந்தப் பக்கம் பாய் இல்லையே தவிர, நிழலும் தரையும் இன்னும் இருபது இலைக்கு இருந்தது. காலுக்குக் கீழே இலையும் இருந்தது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று போய்க்கொண்டே இருந்திருக்கலாம். யாருமே எழுந்திருக்க வேண்டியதில்லை. எழுவதற்கு முன்னால் சித்தப்பா என் காலடியைப் பார்த்தார்.

நான் விழுந்துவிடுவேனோ என்று பார்க்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.